வர்த்தகக் கல்வியும் பெற்றோர் கடமையும்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் முன்னோர் வியாபாரத்தைப் பள்ளியிற் கற்றாரில்லை. கடையில் எடுபிடியாய்ச் சேர்ந்து, பேரேடு எழுதிப் பழகி, கொள்முதலும் விற்பனையும் அறிந்தனர். இன்றோ நம் பிள்ளைகள் நிர்வாகக் கல்லூரிகளை நாடுகின்றனர். அதன்பொருட்டுத் தாய்மாரின் நகையும் வீட்டுப் பத்திரமும் ஈடாகச் செல்கின்றன. ஆதலின் அக்கல்லூரிகள் தோன்றிய வரலாற்றையும் அவற்றின் வேற்றுமையையும் ஆராய்தல் பெற்றோர் கடமையாகும்.

1913-ல் பம்பாயில் ஏற்பட்ட சிடன்ஹாம் கல்லூரி வர்த்தகப் படிப்பைப் போதித்தது. 1949-ல் ஜாம்ஷெட்பூரில் ஏசு சபையார் தொடங்கிய கல்லூரி, ஆலை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவைத் தன் சிறப்புப் பாடமாகக் கொண்டது. 1961-ல் அரசாங்கத்தார் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இரண்டு கழகங்களை நிறுவினர். கல்கத்தாவுக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. துணை நின்றது, அங்கே கணித முறை ஓங்கிற்று. ஆமதாபாத்துக்கு ஹார்வர்டு துணை நின்றது; அங்கே உண்மையான தொழில் நிலையங்களின் வரலாறுகளை மாணவர் விவாதித்துக் கற்கும் முறை வேரூன்றிற்று. விக்ரம் சாராபாய், கஸ்தூர்பாய் லால்பாய் ஆகியோரின் முயற்சி அதற்கு உரமாயிற்று.

மேனாட்டு முறையை அப்படியே பெயர்த்து நடுதல் மட்டும் போதாது என்பது பின்னரே தெளிவாயிற்று. 1973-ல் பெங்களூர்க் கழகம் பொதுத்துறைத் தொழில்களைக் கருதி எழுந்தது. 1979-ல் வர்கீஸ் குரியன் ஆனந்தில் நிறுவிய கழகமோ, கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கிராமத்து உற்பத்தியாளருக்கும் வேண்டிய நிர்வாகிகளைப் பயிற்றலே தன் நோக்கமெனக் கொண்டது. 2001-ல் ஐதராபாத்தில் தொழிலதிபர்கள் அமைத்த கல்லூரி, வேலையில் அனுபவம் பெற்றோர்க்கு ஓராண்டுப் படிப்பை வகுத்தது. பெயர் ஒன்றாயினும் நோக்கம் வெவ்வேறு என்பது இவற்றால் விளங்கும்.

ஆகவே பணம் கட்டுமுன் வினவுங்கள்: ஆசிரியர் யாவர்? மாணவர் எந்தத் தொழிற்சாலையில், எத்தனை மாதம் பழகுகின்றனர்? முன்னர்ப் படித்தோர் இன்று என்ன செய்கின்றனர்? விளம்பரத்தையும் கட்டடத்தையும் கண்டு மயங்கற்க. கல்லூரி தவறாயின், கடன் மட்டுமே மிஞ்சும்.

மற்றொன்று. நம்மவர் கடைகள் தழைத்த வரலாறும் நொடித்த வரலாறும் எழுதப்படாமலே மறைகின்றன. நொடித்ததை மானக்கேடெனக் கருதி மறைக்கின்றோம். அவற்றை எழுதி வைத்தால், நம் இளைஞர்க்கு அதனினும் சிறந்த பாடநூல் வேறில்லை. முதியோர் சொல்ல, இளையோர் எழுதும் அப்பணியைச் சங்கம் இவ்வாண்டே மேற்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமர்கின்றேன்.