மஹர் நகைக்கு முன்கூட்டியே நாள் குறிப்போம்



சில குடும்பங்கள் சேர்ந்து மொத்தமாக நகை செய்யக் கொடுத்தால் செய்கூலியைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் நகை பிந்தினால் நிக்காஹ் வீடு தவிக்கும். கடைசி நேரத்தில் வட்டிக்கு வாங்கி வேறு நகை எடுக்கும் நிலையும் வரும்.

ஆகவே நிக்காஹ் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். பட்டறையில் மெருகேற்றியதோடு வேலை முடிவதில்லை. ஹால்மார்க் மையத்தில் தரம் சோதித்து, எழுத்தும் எண்ணுமான 6 இடக் குறியீட்டைப் பொறிக்க வேண்டும். ஹால்மார்க் கட்டாயமான மாவட்டங்களில் 2023 ஏப்ரல் 1 முதல் இதுவே சட்டம். தேறாத நகை பட்டறைக்கே திரும்பும். அதற்கும் சேர்த்து 10 நாளாவது மிச்சம் வைப்போம். ஷவ்வால் திருமணங்களும் அட்சய திருதியையும் அருகருகே வரும் ஆண்டுகளில் ரமலானுக்கு முன்பே சொல்லிவிடுவோம்.

எடை, சேதாரம், செய்கூலி, தரும் நாள் நான்கையும் எழுதி வாங்குவோம். தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா 282ஆம் வசனம் பணிக்கிறது. தங்க வியாபாரத்தில் கைக்குக் கை மாற்றுவது மார்க்க விதி. எனவே முன்பணம் கொடுக்குமுன் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வோம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் இல்லறத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.