காரின் சில்லும் பெற்றோற் கணக்கும்

2022ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இலங்கையில் எரிபொருட் பங்கீடு நடைமுறைக்கு வந்தபோது, காரொன்றுக்கு வாரத்திற்கு 20 லீற்றரே கிடைத்தது. அதைக் கொண்டு எவ்வளவு தூரம் ஓடலாம் என்று கணக்குப் பாராத கார்க்காரர் அரியர். அக்கணக்கில் இயந்திரத்தை நினைத்தவர் பலர். சில்லை நினைத்தவர் சிலரே.

காற்றடைத்த ரயர் நிலத்தைத் தொடுமிடத்தில் சற்றுத் தட்டையாகி, அவ்விடம் நீங்கியதும் பழைய வடிவத்தை அடைகிறது. இவ்வாறு ஒவ்வொரு சுற்றிலும் நசிந்து நிமிரும் றப்பர் சூடேறுகிறது. அந்தச் சூடு பெற்றோலிலிருந்து வந்ததே. காற்றுக் குறைந்த ரயரில் இந்நட்டம் இன்னும் மிகும்.

மற்றைய யாவும் ஒத்திருப்பின், விட்டம் கூடிய சில்லே இலகுவாக உருளும். மாட்டுவண்டிக்குப் பெருஞ்சில்லுப் பூட்டிய தச்சர் இதனை நூல் கற்றா அறிந்தார்? ஆனால் கடையிலே மற்றைய யாவும் ஒத்திருப்பதில்லை. பெரிய சில்லை வாங்குவோர் பெரும்பாலும் அகன்ற, பாரமான ரயரையும் சேர்த்தே வாங்குகின்றனர். அகலம் காற்றின் தடையைக் கூட்டும். விளிம்பிலுள்ள பாரமோ, வண்டி வேகமெடுக்கும்போது, உள்ளே ஏற்றிய அதேயளவு பாரத்தினும் ஏறத்தாழ இருமடங்கு சுமையாகும். கொழும்புத் தெருக்களில் நின்று நின்று செல்லும் காருக்கு இது நட்டமே. விட்டம் கூடினால் சமவெளியில் இயந்திரம் மெதுவாகச் சுழலும். கடுகண்ணாவை ஏற்றத்திலோ கீழ்க் கியரை நாட நேரும்.

இவற்றினும் பலரை ஏமாற்றுவது தூரமானி. அது தூரத்தை அளப்பதில்லை. சில்லின் சுற்றுக்களையே எண்ணுகிறது. 175/65 ஆர் 14 என்று பொறித்த ரயரின் விட்டம் ஏறத்தாழ 583 மில்லிமீற்றர். அதற்குப் பதிலாக 185/65 ஆர் 15 பூட்டினால் விட்டம் ஏறத்தாழ 621 ஆகும். முன்பு சரியாகக் காட்டிய மானி, இப்போது 100 கிலோமீற்றர் ஓடினாலும் 94 என்றே காட்டும். பெற்றோல் வீணாகிறதென்று சொந்தக்காரர் மனம் நோவார்; குற்றமற்ற இயந்திரம் கழற்றப்படும். வேகமானியும் முன்னையினும் குறைத்தே காட்டும். இது பணத்தோடு நிற்கும் பிழையன்று.

நடுவிலுள்ள எண், ரயரின் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பதைக் குறிக்கும். 15 அங்குல விளிம்பே வேண்டுமெனின் 185/55 ஆர் 15 பூட்டலாம். விட்டம் 584 அளவிலேயே நிற்கும். முன்னரே பெரிய ரயர் பூட்டியவர், வீதியோரக் கிலோமீற்றர்க் கற்கள் பத்தைக் கடந்து மானியோடு ஒப்பிட்டபின் பெற்றோற் கணக்கைப் போடுவாராக.