நாவலும் நம்மவர் அபிப்பிராயமும்

(மதுரையில் நாவல் வாசிப்போர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



நாவல் படிக்கிறவர்கள் ஒன்றுகூடி, தாங்கள் படித்ததைப் பற்றி ஒருவருக்கொருவர் அபிப்பிராயம் சொல்லிக் கொள்ளவும், நல்லதென்று பட்டதை மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்யவும் இக்கூட்டத்தைக் கூட்டியிருக்கிறீர்கள். என்னையும் பேசும்படி தலைவர் கட்டளையிட்டிருக்கிறார். நான் காலேஜுக்குப் போய்ப் படித்தவனல்ல. கைக்குக் கிடைத்ததைப் படித்து, தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டு, என் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொண்டவன். ஆகையால் பண்டிதர்களைப் போல் இலக்கிய லட்சணம் பேச எனக்கு வராது. ஒரு வாசகன் என்கிற முறையில்தான் பேசுகிறேன்.

நாம் மாட்டுச் சந்தைக்குப் போனால் என்ன செய்கிறோம்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். அதோடு நிற்கிறோமா? சுழி பார்க்கிறோம். நல்ல உழவு மாடாக இருக்கும்; வயது சரி, கால் சரி, விலையும் சரி. ஆனால் முதுகிலே ஏதோ ஒரு மயிர்ச் சுழி இருக்கிறதென்று வேண்டாமென்று திரும்பி விடுகிறோம். சுழி நன்றாயிருக்கிறதென்று நொண்டி மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். மாட்டுக்குச் சுழி பார்க்கிற இதே புத்திதான் புத்தகத்துக்கும் வந்துவிட்டது. எழுதினவன் என்ன ஜாதி? எந்தக் கட்சி? பரிசு வாங்கினதா? எந்தப் பெரிய மனிதர் பாராட்டினார்? இவைகளெல்லாம் சுழியே தவிர வேறென்ன? புத்தகம் உழுமா உழாதா என்று பார்க்கிறவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்?

நிற்க, நம் பக்கத்து நாவல் ஒன்றிலிருந்தே துவங்குகிறேன். தமிழில் முதல் நாவலென்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் அச்சாயிற்று. எழுதினவர் மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை. அதற்குப் பிறகு வத்தலக்குண்டில் 1872-ல் பிறந்த ராஜம் ஐயர் கமலாம்பாள் சரித்திரத்தை எழுதினார். 1893 முதல் விவேக சிந்தாமணிப் பத்திரிகையில் தொடர்ந்து வெளிவந்தது. 26 வயதில் இறந்து போனார். அக்கதை நடக்கிற இடம் மதுரை ஜில்லாவில் சிறுகுளம் என்ற கிராமம். முடிவில் கதை வேதாந்தத்தில் போய் நிற்கிறது. அந்த வேதாந்தம் எனக்கு வேண்டியதில்லை. அதற்காக அப்புத்தகத்தைத் தள்ளி விடலாமா? கூடாது என்கிறேன். ஏன்? ஒரு குடும்பம் எப்படிக் கெட்டது என்பதை அதிலே பாருங்கள். கிராமத்து வம்பர்கள் கூடி உட்கார்ந்து கொண்டு, கண்ணால் காணாததைக் கண்டது போல் பேசுகிறார்கள். அப்பேச்சு வாய்க்கு வாய் பெருகுகிறது. கடைசியில் புருஷனே பெண்ஜாதியின் பேரில் சந்தேகங்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறான். ருஜு இல்லாத அபிப்பிராயம் ஒரு பெண்ணை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? நமக்கு ஆகாத கொள்கைக்காரர் எழுதினதிலும் நமக்கு உதவுகிற சரக்கு இருக்கும். படித்தால்தான் அது தெரியும்.

அதே 1872-ல் பிறந்தவர் அ. மாதவையா. உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். பிராமணக் குடும்பத்தில் பிறந்து, பால்ய விவாகத்தையும் விதவைக் கொடுமையையும் தன் சமூகத்தார் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னவர். அவருடைய முத்து மீனாட்சி 1903-ல் புத்தகமாக வந்தது. ஒரு விதவைப் பெண் தன் கதையைத் தானே சொல்லுகிற மாதிரி எழுதப்பட்டது. எழுதினவர் ஜாதியைப் பார்த்து இதைத் தொடாமல் விடுகிறவன் யாருக்கு நஷ்டம் செய்கிறான்? தனக்குத்தான்.

அந்தக் காலத்திலே நாவல் என்றாலே பெரியவர்களுக்குப் பயம். "பெண்கள் நாவல் படித்தால் கெட்டுப் போவார்கள்" என்று பத்திரிகைகளில் எழுதினார்கள், மேடைகளில் பேசினார்கள். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியவர்களுடைய துப்பறியும் கதைகளை வீட்டுக்குள் ஒளித்து வைத்துப் படித்த காலம் அது. ஆனால் என்ன நடந்தது? ஐந்தாறு வயதிலே கலியாணம் செய்து கொடுக்கப்பட்ட வை. மு. கோதைநாயகி என்ற அம்மாள், முதலில் எழுதப் பழக்கமில்லாமல், தான் சொல்லச் சொல்லத் தோழி ஒருத்தியை எழுத வைத்தார். பிறகு தானே எழுதக் கற்று நூற்றுக்கு மேல் நாவல் எழுதினார். 1925 முதல் ஜகன்மோகினிப் பத்திரிகையையும் நடத்தினார். அவர் கதைகளில் கடவுள் பக்தியும் பதிபக்தியும் நிறைய உண்டு. அவைகளை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் அடுப்படியில் இருந்த எத்தனையோ பெண்களுக்குப் படிக்கிற ஆசையை அக்கதைகள் உண்டாக்கின என்பதை மறைக்க முடியுமா? நாவல் பெண்களைக் கெடுக்கும் என்று சொன்னவர்களுடைய பயமெல்லாம், படித்த பெண் கேள்வி கேட்பாளே என்பதுதான்.

இனி, அசிங்கம் என்று ஒதுக்கப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-ல் "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்" என்ற நாவலை வெளியிட்டார். அந்த அம்மையார் பொட்டுக் கட்டும் குலத்தில் பிறந்து, அக்கொடுமையை ஒழிக்கப் பாடுபட்டவர். தாசி வீட்டுத் தந்திரங்களையும், அதில் விழுகிற பணக்காரப் பிள்ளைகளுடைய மூடத்தனத்தையும் ஒளிவு மறைவில்லாமல் எழுதினார். சட்டசபையில் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறினது 1947-ல். சட்டத்துக்கு 11 வருஷம் முந்தி நாவல் வந்துவிட்டது.

நம் மதுரையிலே ஜி. நாகராஜன் என்பவர் இருந்தார். கணக்கு வாத்தியார். குறத்தி முடுக்கு, நாளை மற்றுமொரு நாளே என்ற இரண்டு நாவல்களை எழுதி, 1981-ல் இந்த ஊரிலேயே இறந்து போனார். இரண்டாவது நாவல் 1974-ல் புத்தகமாக வந்தது. விபசாரத் தரகனாய் வயிறு வளர்க்கிற கந்தன் என்பவனுடைய ஒரு நாள் பொழுதே கதை. "இதையெல்லாம் குடும்பஸ்தர்கள் படிக்கலாமா?" என்று ஒரு டீக்கடையிலே ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். "ஐயா, அகலிகை கதையைக் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து விடிய விடியக் கேட்கிறோமே, அது என்ன கதை?" என்று கேட்டேன். "அது புராணம்" என்றார். தோழர்களே! தேவேந்திரன் செய்தால் புராணம், கந்தன் செய்தால் அசிங்கமா? நாகராஜன் கந்தனைப் பூசை பண்ணச் சொல்லவில்லை. நம் தெருவில் இப்படியும் மனிதர்கள் பிழைக்கிறார்கள், பார் என்கிறார். பார்க்க மனமில்லாதவன் புத்தகத்தை மூடலாம். தெருவை மூட முடியுமா?

அடுத்தபடியாக, படிக்காமல் அபிப்பிராயம் சொல்லுகிற கொடுமை. இதற்கு இரண்டு உதாரணம் சொல்லுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் பிறந்த பாமா என்ற அம்மையார் 1992-ல் கருக்கு என்ற நூலை எழுதினார். தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவப் பெண்ணாகத் தான் பட்டதைத் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். சொந்த ஊர்க்காரர்களே முதலில் கோபித்தார்கள். நம்மைக் கேவலப்படுத்தி விட்டாள் என்று காதால் கேட்டதை நம்பினார்கள். ஊருக்குள் அவர் போக முடியாமல் இருந்தது. பிறகு படிக்கத் தெரிந்த இளைஞர்கள் புத்தகத்தைப் படித்து, உள்ளே என்ன இருக்கிறதென்று எடுத்துச் சொன்னார்கள். ஊர் மனம் மாறிற்று. மாற்றியது என்ன? மந்திரமா? போலீசா? படித்தவன் படிக்காதவனுக்கு உண்மையைச் சொன்னதுதான்.

மற்றொன்று அப்படி எளிதாய் முடியவில்லை. பெருமாள்முருகன் மாதொருபாகன் என்ற நாவலை 2010-ல் வெளியிட்டார். பிள்ளையில்லாத ஒரு புருஷன் பெண்ஜாதியைப் பற்றின கதை. பிள்ளையில்லை என்பதற்காக ஊரும் உறவும் அவர்களைக் குத்திப் பேசுகிற கொடுமைதான் அதன் சாரம். நாலு வருஷம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. 2014 டிசம்பரில் சில பக்கங்களை மட்டும் பிரதியெடுத்துப் பரப்பி, திருச்செங்கோட்டில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரியில் அவர், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று எழுதிவிட்டு ஓய்ந்தார். 2016 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டு, பிடிக்காத புத்தகத்தைப் படிக்க யாருக்கும் கட்டாயமில்லை என்ற கருத்தில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அவர் மறுபடியும் பேனாவைத் தொட்டார். கொளுத்தினவர்களில் எத்தனை பேர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருப்பார்கள்? புத்தகத்தைக் கண்டிக்கலாம், கடுமையாகவே கண்டிக்கலாம். எதிர்த்து வேறொரு புத்தகம் எழுதலாம். படிக்காமல் கொளுத்துகிறவன் தன் கண்ணையே கொளுத்திக் கொள்ளுகிறான்.

பரிசைப் பற்றியும் ஒரு வார்த்தை. சு. வெங்கடேசனுடைய காவல் கோட்டம் 2008-ல் வந்து, 2011-ல் சாகித்ய அகாதெமிப் பரிசு பெற்றது. மதுரையையும் அதைச் சுற்றின காவல்காரர்களையும் பற்றி ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நாவல். பரிசு வந்ததால் நல்ல நாவலும் அல்ல, பரிசு வந்ததே என்ற பொறாமையால் கெட்ட நாவலும் அல்ல. உசிலம்பட்டிப் பக்கத்தான் அதைப் படிக்கும்போது, ரேகைச் சட்டத்தின் கீழ் தன் பாட்டன் ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுத்துக்கிடந்த கதை ஞாபகம் வரும். 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூரில் அச்சட்டத்தை எதிர்த்தவர்களைச் சுட்டது ஞாபகம் வரும். மாசி வீதிக்காரனுக்கு, காவல் கூலி கொடுத்த தன் பாட்டன் ஞாபகம் வரும். இரண்டு பேர் அபிப்பிராயமும் ஒன்றாயிருக்குமா? இருக்க வேண்டியதுமில்லை. ஒருவன் சொல்லுவதை மற்றவன் காது கொடுத்துக் கேட்டால், இரண்டு பேருக்கும் தெரியாத சங்கதி வெளிவரும். இக்கூட்டத்தின் பிரயோஜனமே அதுதான்.

நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "நம் கொள்கையைச் சொல்லுகிறது, ஆகவே நல்ல நாவல்" என்று நம் தோழர்களில் அநேகர் சிபாரிசு செய்கிறார்கள். இது சரியல்ல. கதாநாயகன் பக்கத்துக்குப் பக்கம் பிரசங்கம் செய்து, கதாநாயகி கை தட்டி, ஐயர் தலை குனிந்து போகிற புத்தகங்கள் நம்மிடத்திலும் மூட்டை மூட்டையாய் உண்டு. பிரசங்கத்துக்கு மேடை இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். நாவலில் மனிதன் வேண்டும். "நம்முடையது" என்பதற்காகப் பித்தளையைத் தங்கமென்று சொன்னால், ஸ்தல புராணக்காரனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

சரி, சிபாரிசு செய்வது எப்படி? க. நா. சுப்ரமண்யம் என்பவர் "படித்திருக்கிறீர்களா?" என்று தலைப்பிட்டு, தான் படித்த நல்ல தமிழ்ப் புத்தகங்களை வாசகர்களுக்கு எடுத்துச் சொல்லி வந்தார். அவர் சேர்த்ததும் விட்டதும் சரியல்ல என்று சண்டைக்குப் போனவர்கள் பலர். போகட்டும். சண்டை போடவாவது அவர்கள் புத்தகத்தைப் படிக்க வேண்டியிருந்ததல்லவா? வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பா, ஜல்லிக்கட்டைப் பற்றி வாடிவாசல் எழுதினவர், தான் அச்சிட்ட புத்தகங்களைத் தானே சுமந்து கொண்டு காலேஜ் காலேஜாய்ப் போய் விற்றார். வெறும் வாயால் சிபாரிசு செய்யாமல் தோளால் சிபாரிசு செய்தார்.

ஆகவே, நீங்கள் ஒரு நாவலைப் பற்றிச் சொல்லும்போது, முழுதும் படித்த பிறகு சொல்லுங்கள். "பிரமாதம்", "குப்பை" என்று ஒரே வார்த்தையில் நிறுத்தாமல், காரணத்தைச் சொல்லுங்கள். யாரிடத்தில் சொல்லுகிறோம் என்று பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனிடத்தில் ஆயிரம் பக்கத்தை நீட்டி விரட்டி விடாதீர்கள். துப்பறியும் கதையானால் கொலை செய்தவன் யாரென்று மாத்திரம் சொல்லித் தொலைக்காதீர்கள்.

இன்னொரு முக்கியம். இக்கூட்டத்தில் ஆண்கள் பத்துப் பேர் பேசினால் பெண் ஒருவர் பேசுகிறார். நாவல்களில் பாதிக்கு மேல் பெண் படும் பாடுதான் கதை. அந்தக் கதை மெய்யா பொய்யா என்று சொல்லத் தகுந்தவர் வாய் திறக்காமல், மீசை வைத்தவர்களே தீர்ப்புச் சொல்லுவது என்ன நியாயம்? உங்கள் வீட்டுப் பெண்களிடத்தில் புத்தகத்தைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு, படிக்க நேரமும் கொடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் சோற்றைப் போட்டுத் தின்று கொள்ளுங்கள்.

புத்தகம் வாங்கப் பணமில்லை என்று சொல்ல வேண்டாம். சுதந்திர இந்தியாவில் முதலாவதாக நூலகச் சட்டம் செய்தது நம் சென்னை மாகாணம், 1948-ல். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15-ந் தேதி திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அது கோயில் கோபுரத்தைப் போல் வெளியிலிருந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக் கொள்ளுவதற்கல்ல. உள்ளே போய்ப் படிப்பதற்கு. கண் தெரியாத கிழவர்களுக்கும் எழுத்துத் தெரியாதவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். பத்திரிகையைத் திண்ணையில் ஒருவன் உரக்கப் படிக்க, ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்டுத்தான் இந்த நாட்டில் அறிவு பரவிற்று. நாவலுக்கும் அது செல்லும்.

தோழர்களே! நான் பல புத்தகங்களின் பேரைச் சொன்னேன். நல்லதென்றேன், சிலதைக் குறை சொன்னேன். நான் சொன்னேன் என்பதற்காக ஒன்றையும் நம்பிவிட வேண்டாம். எடுத்துப் படியுங்கள். உங்கள் அறிவுக்கு நான் சொன்னது தப்பென்று பட்டால், அடுத்த கூட்டத்தில் இதே இடத்தில் எழுந்து நின்று, காரணத்தோடு என்னை மறுத்துப் பேசுங்கள். கேட்டுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.