விதைக்காதவருக்கும் மானியம்

அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டிகளில் வேளாண் துறைக்கு ஒரு சிறிய அலுவலகம் இருக்கும். மானியத்துக்கு மனுப் போடுவது அங்கேதான். அதைக் கவனிக்கும் குழுவை உள்ளூர் விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான்.

இந்த மானியம் 1933இல், ரூஸ்வெல்ட் காலத்தில் தொடங்கியது. விளைச்சல் மிஞ்சி விலை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அதனால் சாகுபடியைக் குறைப்பவருக்குப் பணம் என்றார்கள். வளர்ந்து நின்ற பருத்தியை உழுது மண்ணில் புதைத்தார்கள். ஊரில் பலருக்குக் கட்டத் துணியில்லாத நேரம் அது!

1996இல் வந்த சட்டம் இன்னும் வேடிக்கை. முன்பு அந்த நிலத்தில் என்ன விளைந்தது என்று பார்த்துப் பணம் கொடுத்தார்கள். இப்போது விளைகிறதா என்று பார்க்கவில்லை. டெக்சாஸில் பழைய நெல்வயலை மனையாக வாங்கி வீடு கட்டியவர்கள் சிலருக்கும் நெல்லுக்கான பணம் வந்தது.

உயிரோடு இல்லாதவர்களுக்கும் வந்தது. 1999 முதல் 2005 வரை, இறந்துபோன 1,72,801 பேரின் பெயரில் 110 கோடி டாலர் போயிருந்ததை 2007இல் தணிக்கை அலுவலகம் வெளியிட்டது. எல்லாமே மோசடி என்று சொல்லிவிட முடியாது. சொத்துப் பிரியும் வரை, சில நிபந்தனைகளோடு, இறந்தவர் பெயரில் பணம் வாங்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த நிபந்தனைகளை யாரும் ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை.

விளைகிறதா என்று பார்க்காமல் கொடுத்த அந்த நேரடி மானியத்தை 2014இல் நிறுத்தினார்கள். இப்போது பயிர்க் காப்பீட்டுக்கு முக்கிய இடம். அதன் பிரீமியத்தில் பெரும்பகுதியை அரசே கட்டுகிறது.