பரணில் தூங்கும் பணம்

(‘வீட்டில் பயன்படாத பொருளைப் போற்றிக் காப்பதா? இணையச் சந்தையில் விற்பதா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘விற்பதே’ என்ற அணியில் பேசியது. இடம்: ஐயம்பேட்டை)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணியை எப்படியாவது மடக்கிவிட வேண்டும் என்று மூச்சைப் பிடித்துப் பேசிவிட்டு, இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற ஐயம்பேட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே!

காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. பட்டு நெய்கிற ஊர். தறியில் ஓர் இழை அறுந்தால்கூடத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டு ஓட்டுகிற கை உங்க கை. ஓர் இழையை வீணாக்காத ஊரில், ஒரு முழுக் கட்டிலைப் பரண்மேல் வீணாக்கலாமா என்று நான் வாதாட வேண்டியிருக்கிறதே, இதுதான் ஐயா ஆச்சரியம்! (கைதட்டல்)

எதிரணித் தலைவி என்ன சொன்னாங்க? “பாட்டி கொடுத்த அண்டாவை விற்கிறது, பாட்டியையே விற்கிற மாதிரி” என்றாங்க. உருக்கமாகத்தான் சொன்னாங்க. நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அம்மா, அந்த அண்டாவைக் கடைசியா எப்போ கீழே இறக்கினீங்க? பாட்டி அதைக் கொடுத்தது நீங்க தண்ணி பிடிச்சு வைக்க. எலி குடும்பம் நடத்த இல்லையே! (சிரிப்பு)

சரி, அண்டாவை விட்டுவிடுகிறேன். பித்தளைக்கு எடை மதிப்பு எப்பவும் உண்டு. பத்து வருஷம் கழித்தும் அது காசுதான். பாட்டி நினைவாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்க, தினம் துலக்கிப் பயன்படுத்துங்க, கை எடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அண்டாவுக்குப் பக்கத்தில் என்ன இருக்கு? புதுசு வாங்கினதும் மேலே ஏற்றின பழைய டி.வி. பொண்ணு ஓட்டி முடித்த சைக்கிள். பையன் மாற்றிப்போட்ட செல்போன். கல்யாணத்துக்கு வந்து பிரிக்காமலே கிடக்கிற மூணாவது மிக்ஸி. இதெல்லாம் எந்தப் பாட்டி கொடுத்தது? இவை வருஷத்துக்கு வருஷம் விலை இறங்குகிற பொருள். இன்றைக்கு ஒருத்தர் ஆசையா வாங்குவார். மூணு வருஷம் போனால் இலவசமாகக் கொடுத்தாலும் “வேண்டாங்க, எங்க வீட்லயும் பரண் ரொம்பிடுச்சு” என்பார்! (சிரிப்பு)

சிரிப்பை விட்டு ஒரு விஷயம் சொல்கிறேன். மழைக்காலத்தில் குழித்தறிக்குள் ஈரம் ஏறும், தண்ணீர் ஊறும். பாவு ஈரத்தில் இழுக்கும். தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும். அப்போது வீட்டு அம்மா என்ன செய்றாங்க? தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொடுத்து அனுப்புறாங்க. அதே வீட்டுப் பரணில் நான் சொன்ன சாமான் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கு. கீழே வட்டி ஏறுது. மேலே விலை இறங்குது. இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கு! நடுவர் அவர்களே, இந்த வழக்கின் உயிர்நாடி இதுதான். (கைதட்டல்)

“பழசை விற்பது நம்ம பண்பாடா?” என்று அடுத்து ஒருத்தர் கேட்டார். ஐயா, பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் வாங்காத தெரு தமிழ்நாட்டில் உண்டா? இந்தக் காஞ்சிபுரத்திலேயே பழைய பட்டுப்புடவைக்குக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இல்லையா? எதற்காக வாங்குறாங்க? அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கு, மேலே தங்க முலாம் இருக்கு. கிழிந்த புடவையிலும் வெள்ளி கிழியாது! சென்னை சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் என்று ஒன்று இருந்தது. 1900-ல் திறந்தாங்க, 1985-ல் தீயில் எரிந்து போனது. பழைய புத்தகத்திலிருந்து கிராமபோன் தட்டு வரை அங்கே கிடைக்கும் என்று பெரியவர்கள் இன்றைக்கும் பெருமூச்சு விடுறாங்க. அந்த மூர் மார்க்கெட்தான் இன்றைக்கு உங்க சட்டைப் பையில், செல்போனுக்குள் இருக்கு.

ஆனால் ஒரு வித்தியாசம். பாத்திரக்காரரிடம் பத்துப் புடவையைப் போட்டால், அவர் ஒரு டப்பாவைக் காட்டுவார். “இன்னும் ரெண்டு புடவை போடும்மா” என்பார். விலை சொல்கிறவர் யார்? அவர். பழைய இரும்புக் கடையில் தராசு யார் கையில்? அவர் கையில். இணையச் சந்தையில்தான் ஐயா, விலையை முதலில் நீங்க சொல்றீங்க!

1995-ல் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்பவர் ஒரு வலைத்தளம் தொடங்கினார். அதுதான் பிறகு ‘ஈபே’ ஆச்சு. அதில் அவர் முதலில் விற்ற பொருள் என்ன தெரியுமா? உடைந்துபோன லேசர் பாயிண்டர்! 14 டாலர் 83 சென்டுக்குப் போனது. அவருக்கே பயம் வந்து, “இது உடைஞ்சதுன்னு தெரியும்ல?” என்று வாங்கினவரைக் கேட்டாராம். அவர், “தெரியும், உடைஞ்சதைத்தான் நான் சேர்க்கிறேன்” என்றாராம்! (சிரிப்பு) நமக்குக் குப்பையாகத் தெரிவதைத் தேடிக்கொண்டு எங்கேயோ ஒருத்தர் இருக்கார். அவரைக் கண்டுபிடிப்பதுதான் இந்தச் சந்தையின் வேலை. அந்த ஈபே இந்தியாவில் 2018-ல் கடையை மூடிவிட்டது. 2006-ல் தொடங்கிய ஓ.எல்.எக்ஸ். இருக்கு, ஃபேஸ்புக்கின் மார்க்கெட்பிளேஸ் இருக்கு. கடை மாறும், விற்கிற முறை மாறாது.

அந்த முறைதான் என்ன? தாய்மார்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்க.

முதலில் ஒரே ஒரு பொருளை எடுங்க. பரணையே ஒரே நாளில் காலி பண்ணப் போனால் வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் தனிப் பட்டிமன்றம் நடக்கும்! (சிரிப்பு) போனால் மனசு வலிக்காத பொருளாகப் பார்த்து எடுங்க. துடைங்க. பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்து நாலு பக்கமும் படம் எடுங்க. பின்னாடி பாவாடை காயப்போட்ட கொடி தெரிய வேண்டாம்.

இரண்டாவது, கீறல் இருந்தால் கீறலையும் படம் எடுங்க. “எதுக்குங்க குறையை நாமளே காட்டணும்?” என்பீங்க. பத்து மைல் வண்டி ஓட்டி வருகிறவர் வாசலில் கீறலைப் பார்த்தால் பாதி விலை கேட்பார். படத்திலேயே பார்த்துவிட்டு வந்தால், கீறலைச் சேர்த்தே விலை பேசி முடிந்திருக்கும். வாங்கின வருஷம், நீள அகலம், ஓடுதா ஓடலையா, பில் இருக்கா இல்லையா, அவ்வளவும் எழுதுங்க. ‘நல்ல கட்டில், அவசர விற்பனை’ என்று மட்டும் எழுதினால், அவசரம் உங்களுக்கு என்று அவருக்குத் தெரிந்துபோகும்!

மூன்றாவது விலை. நீங்க வாங்கின விலையை மறந்துவிடுங்க. அதே மாதிரிப் பொருளுக்கு மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று அங்கேயே தேடிப் பாருங்க. பேரம் இல்லாமல் நம்ம ஊரில் கீரைக்கட்டுகூட விற்காது. அதனால் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க. இதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்ற தொகையை மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைங்க. அதை வாய்விட்டுச் சொல்லாதீங்க.

நான்காவது, எதையும் விற்றுவிடலாம் என்று இல்லை. செல்போனை விற்கும்முன் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, கணக்கை நீக்கி, உள்ளே இருப்பதை முழுசா அழிச்சுடுங்க. இல்லாவிட்டால் போனோடு குடும்பமே போய்விடும். வண்டியை விற்றால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறுகிற வரைக்கும் விடாதீங்க. அவர் இடித்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். கேஸ் சிலிண்டர் உங்களுடையது இல்லை, கம்பெனியுடையது. அதை விற்கக் கூடாது. கோயில் ஊர்ப்பக்கம் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 100 வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம், 75 வருஷத்துக்கு மேற்பட்ட அரிய ஓலைச்சுவடி இதெல்லாம் 1972-ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் வருகிற தொல்பொருள். படம் போட்டு விற்கக் கிளம்பினால், வாங்க வருகிறவர் போலீஸ்காரராக இருப்பார்! (சிரிப்பு)

இப்போ எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். “ஏமாத்துறாங்க” என்றாங்க. நான் மறுக்கவில்லை. ஏமாற்றுகிறார்கள். எப்படி? போட்ட பத்து நிமிஷத்தில் ஒரு போன் வரும். பேரமே பேச மாட்டான். “நான் ராணுவத்துல இருக்கேன், ஆள் அனுப்பி எடுத்துக்கறேன், பணத்தை இப்பவே அனுப்பறேன்” என்பான். ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்பி, “இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்” என்பான். நம்பிப் போட்டால் பணம் வராது, போகும்!

தாய்மார்களே, இந்த ஒன்றை மட்டும் வீட்டுச் சுவரில் எழுதி வைங்க. யு.பி.ஐ.யில் பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் வேணும். பணம் வாங்க பின் நம்பர் வேண்டவே வேண்டாம். உங்க பணம் வாங்குறதுக்கு உங்க பூட்டின் சாவியை ஒருத்தன் கேட்டால், அவன் வாங்க வந்தவன் இல்லை, எடுக்க வந்தவன்! (பலத்த கைதட்டல்) பொருளை நேரில் பார்க்கச் சொல்லுங்க. வீட்டில் ஆள் இருக்கிற பகல் நேரத்தில் வரச் சொல்லுங்க. கையில் தூக்குகிற சாமானாக இருந்தால் கடைத்தெருவிலேயே கொடுங்க. பணம் வந்ததா என்று அவர் போனில் பார்க்காதீங்க, உங்க வங்கிக் கணக்கில் பாருங்க. மீறி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்க. திருடன் இருக்கான் என்று நாம் சந்தைக்குப் போகாமலா இருக்கோம்? முந்தானையில் முடிந்துகொண்டு போறோம், அவ்வளவுதான்.

கடைசியாக ஒருத்தர் சொன்னார்: “கட்டிலை விற்றால் நாலு பேர் என்ன நினைப்பாங்க? கஷ்டம் வந்துடுச்சும்பாங்க.” ஐயா, அந்த நாலு பேர் உங்க அடகு வட்டியைக் கட்டுவாங்களா? பயன்படாததை விற்கிறவர் கஷ்டப்படுகிறவர் இல்லை, கணக்குத் தெரிந்தவர். அந்தக் கட்டிலை வாங்குகிற வீட்டையும் நினைத்துப் பாருங்க. புதுசு வாங்க முடியாமல், ஒரு வயசானவரைத் தரையில் படுக்க வைத்திருக்கிற வீடாக இருக்கலாம். உங்களுக்குக் காசு, அவருக்குக் கட்டில். இதில் யாருக்கு அவமானம்?

நடுவர் அவர்களே, ஒரே ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன். 2005-ல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் உலகத்துக்குத் தெரியும். ஆனால் புடவையை நெய்கிற கைக்கு, அந்தப் புடவையின் விலையைச் சொல்லும் வாய்ப்பு எத்தனை முறை கிடைக்கிறது? கூலியை ஒருத்தர் சொல்றார். கடை விலையை இன்னொருத்தர் எழுதுறார். நடுவில் நெய்தவர் தலையாட்டுகிறார்.

ஒரு பழைய சைக்கிளைத் துடைத்து, படம் எடுத்து, குறையை ஒளிக்காமல் எழுதி, “இதுதான் விலை” என்று முகம் தெரியாத ஒருத்தரிடம் கூச்சமில்லாமல் சொல்லிப் பழகிய அம்மா, நாளைக்குத் தன் கையால் நெய்த புடவைக்கும் படம் எடுப்பாங்க. “கோர்வை நெசவு, அசல் ஜரிகை, இதுதான் விலை” என்று தானே எழுதுவாங்க. சைக்கிளில் சறுக்கினால் நூறு இருநூறு போகும். புடவையில் சறுக்கினால் மாதக்கணக்கான உழைப்பு போகும். அதனால்தான் சொல்றேன், பாடத்தைப் பழைய சாமானில் படிங்க!

பரணில் இருப்பது பழைய சாமான் மட்டுமில்லை ஐயா. உங்க பொருளுக்கு நீங்களே விலை சொல்கிற தைரியமும் அங்கேதான் தூங்குது. ஏணியைப் போடுங்க, இறக்குங்க என்று கேட்டு, நல்ல தீர்ப்பை எங்கள் பக்கம் தருவீர்கள் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.

(பலத்த கைதட்டல்)