கைபேசியும் ஆகாரக் கணக்கும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது பெரியோரில் அநேகர் அன்றன்றைய வரவு செலவைக் குறித்த பின்னரே விளக்கை அணைப்பது வழக்கம். அவ்வளவு கணக்குப் பார்த்த குடும்பங்களில் பிறந்த நாம், வயிற்றுக்குள் சென்றதற்கு மாத்திரம் ஒரு நாளும் கணக்கு வைத்தோமில்லை.

சென்ற ஆண்டு வைத்தியர் நமது இரத்தத்தைச் சோதித்து, சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டதென்றார். நித்தியம் இட்டிலியும் சாம்பாரும் உண்பவருக்குச் சர்க்கரை ஏது என்று நாம் வாதாடினோம். நமது குமாரத்தியோ, கலோரிச் செயலியொன்றைக் கைபேசியில் ஏற்றி, "ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், அப்பா" என்று நம் கையில் கொடுத்தாள்.

கலோரி என்பது உஷ்ணத்தின் அளவு. ஒரு கிலோ நீரை ஒரு பாகை சூடேற்றும் உஷ்ணத்தையே ஆகார விஷயத்தில் ஒரு கலோரி என்பர். ஒரு கிராம் மாவுப் பொருளும் ஒரு கிராம் புரதமும் நான்கு நான்கு கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது கலோரியும் தரும் என்று கணித்தவர் அமெரிக்கராகிய அட்வாட்டர். நம் நாட்டுத் தானியங்களுக்கும் பருப்புகளுக்கும் இந்த ஆராய்ச்சி நடந்த இடம் நமது நீலகிரிக் குன்னூரே. அங்கே 1918-இல் மெக்காரிசன் என்னும் வைத்தியர் தொடங்கிய சிறு ஆராய்ச்சிச் சாலையிலிருந்து, 1937-இல் அய்க்ராய்டு இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அந்த ஸ்தாபனமே 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. ஆதலால் கைபேசி காட்டும் எண்களை ஏதோ விளையாட்டென்று எவரும் தள்ளிவிட வேண்டாம்.

நிற்க. அம்மாதக் கணக்கு நமக்குக் காட்டியது யாதெனில், குற்றவாளி இட்டிலியன்று. நாள்தோறும் ஆறு தேநீர். ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு கரண்டிச் சர்க்கரை. கரண்டிக்கு நான்கு கிராம் என்றாலும், சர்க்கரை மட்டும் 192 கலோரி. இரவு ஒன்பது மணிக்குக் கடைத்தெருவில் இரண்டு பரோட்டா. ஒன்றில் 60 கிராம் மைதாவும் 15 கிராம் எண்ணெயும் என்று கொண்டால் 345 கலோரி ஆகிறது, இரண்டுக்கு 690. சால்னா இதில் சேரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம்: முதல் வாரம் முழுதும் நாம் இரண்டு தின்று ஒன்றென்றே எழுதி வந்தோம். குமாரத்தியே அதைக் கண்டுபிடித்தாள். சோற்றிலும் பிழை நேர்ந்தது. செயலி 'ஒரு கிண்ணம்' என்று கேட்கிறது. யார் வீட்டுக் கிண்ணம்? தராசில் வைத்துப் பார்த்தபோது நமது தட்டில் 380 கிராம் சோறு இருந்தது. நூறு கிராமுக்கு ஏறக்குறைய 130 கலோரி என்றால், ஐந்நூறுக்குச் சற்றே குறைவு. நாம் எழுதியதோ அதில் பாதிகூட இல்லை. தராசு வந்த பின்னரே கணக்கு நேர்ப்பட்டது. மூன்று மாதத்தில் நமது எடை நான்கு கிலோ குறைந்தது. வைத்தியரும் மருந்து எழுதாமல் அனுப்பினார்.

இனி, நமது வாலிபர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொரித்த கோழியை வாசலுக்கு வரவழைப்பதும் அதன் கலோரியைக் காட்டுவதும் ஒரே கைபேசிதான். உண்ட பின் எழுதினால் அது வெறும் வருத்தக் குறிப்பாகவே முடியும். கேட்டு அனுப்புவதற்கு முன் எழுதுங்கள். எழுதிப் பார்த்து, வேண்டாமென்று கைபேசியைக் கீழே வைத்த இரவுகள் நமக்கே பல உண்டு. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளுள்ள உணவகங்கள் விலைப்பட்டியலில் கலோரியையும் காட்ட வேண்டுமென்ற விதி 2022 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தெருமுனையில் நூடுல்ஸும் வறுத்த சோறும் கிண்டும் வண்டிக்கு அவ்விதி இல்லை. அங்கே வாணலியில் எத்தனை கரண்டி எண்ணெய் விழுகிறதென்று நின்று பார்ப்பதே வழி. பெருங்கரண்டி ஒன்றுக்குச் சுமார் 120 கலோரி. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுள்ளவரென்றும், மேலும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்பவரென்றும் 2023-இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. அவர்களுள் நமது உறவினர் எத்தனை பேர் என்பது ஒவ்வொரு வீட்டாருக்கும் தெரியும்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. வளரும் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் இன்சுலின் போட்டுக்கொள்பவரையும், வைத்தியரைக் கேளாமல் இந்த எண்ணைக் காட்டிப் பட்டினி போடலாகாது. நமது சொந்தத்தில் ஒரு பெண், ஆயிரம் கலோரிக்கு மேல் உண்ணேனென்று பிடிவாதம் பிடித்துக் கல்லூரியில் மயங்கி விழுந்தாள். அவள் கையிலிருந்து அச்செயலியை நீக்கச் சொன்னவர் வைத்தியரே. கைக்கடிகாரம் காட்டும் 'செலவான கலோரி'யும் உத்தேசமே. அதை நம்பி, நடந்து வந்தேனென்று இன்னொரு பப்ஸ் தின்ன வேண்டாம்.

விடுதிச் சமையற்கட்டுக்குத் தராசு ஒன்றை நாமே வாங்கிக் கொடுத்துள்ளோம். இக்கூட்டம் முடிந்ததும் வழங்கவிருக்கும் பொட்டலத்தில் சமோசாவும் கேக்கும் இருப்பதாகக் காரியதரிசி அவர்கள் சற்று முன் நம் காதில் கூறினார்கள். அவர்கள்மேல் நமக்குக் கோபமில்லை. சென்ற ஆண்டு அதே பொட்டலத்தை ஏற்பாடு செய்தவர் நாமே. மாணவர் இருவர் ஒரு பொட்டலத்தை உண்ணாமல் எடுத்துச் சென்று, தராசில் நிறுத்துக் கணக்கெழுதச் சம்மதித்துள்ளனர். அக்கணக்கை அடுத்த மாதக் கூட்டத்தில் அவர்களே வாசிப்பார்கள்.