தெளிந்த தண்ணீரெல்லாம் குடிதண்ணீரா?

(நமது டிரஸ்ட்டின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியோர்களே, தாய்மார்களே! தண்ணீரில் நஜீஸ் விழுந்தால் நிறம், மணம், ருசி மாறியிருக்கிறதா என்று பார்க்க மதரஸாவில் ஓதினோம். அது ஒளூவுக்கான சட்டம். குடிப்பதற்கு அது மட்டும் போதாது என்பதை நாமே தவறு செய்துதான் தெரிந்துகொண்டோம்.

நாம் போட்ட போர்வெல்லில் தண்ணீர் கண்ணாடி போல வந்தது. டி.டி.எஸ். மீட்டரில் 420 காட்டியது. 500 வரை நல்லது என்பதால், "தாராளமாகக் குடியுங்கள்" என்று அறிவித்துவிட்டோம். ஒரு சகோதரி, "கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கலாமா?" என்று கேட்டார். பதில் தெரியாமல்தான் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நைட்ரேட் அளவு மீறியிருந்தது.

டி.டி.எஸ். என்பது கரைந்துள்ள உப்புகளின் மொத்த எடை. எந்த உப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. கிருமியையும் காட்டாது.

இந்தியத் தர நிர்ணயப்படி, ஒரு லிட்டரில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. மீறினால் பல்லில் கறை, நாளடைவில் எலும்புப் பாதிப்பு. பி.எச். 6.5 முதல் 8.5 வரை. கடினத்தன்மை 200க்குள் இருப்பது நல்லது. கூடினால் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை படியும். ஈ.கோலை கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நைட்ரேட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. கழிவுநீர்த் தொட்டி, மாட்டுச்சாணம், உரம் ஆகியவற்றிலிருந்து நிலத்தடிக்கு இறங்குகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இது குறைக்கும். உடல் நீலம் பாரிக்கும். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

ஆகவே அந்தக் குழாயில் குடிக்கவோ சமைக்கவோ பிடிக்காதீர்கள். ஒளூ, குளியல், துணி துவைப்புக்குத் தடையில்லை. பக்கத்திலுள்ள கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்த்து வருகிறோம். வீட்டில் கிணறோ போர்வெல்லோ வைத்திருப்பவர்கள், மழைக்கு முன்னும் பின்னும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். கிருமிச் சோதனைக்கு, கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும்.

தண்ணீர் கொடுப்பது ஸதக்கத்துல் ஜாரியா என்று நிதி திரட்டினோம். சோதிக்காமல் கொடுத்தது நம் குறை, மன்னியுங்கள். கேள்வி கேட்ட அந்தச் சகோதரிக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.